ராயல்டி இல்லாத பழைய நூலா, உயிரோடிருக்கும் எழுத்தாளரா? ஒரு சிறு பதிப்பகத்தின் முதல் கணக்கு

பதிப்பகம் தொடங்கப்போகும் ஒரு தம்பி போன மாதம் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஆண்டுக்கு எட்டு நூல் என்று திட்டம் போட்டிருந்தான். அதில் ஆறு நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய நூல்கள், இரண்டு புதியவை. “ஆறுல வர்ற காசுல ரெண்ட ஓட்டிரலாம்ணே. பழசுக்கு ராயல்டி கிடையாது. டைப் பண்ற வேலையும் இல்ல, நெட்லயே கெடக்கு” என்றான்.

இதே கணக்கைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாகச் சிறு பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துகிறேன், பிரதியைச் செம்மை செய்து கொடுக்கிறேன். இந்தக் கணக்கோடு தொடங்கியவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் ஆண்டில் திணறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். பழைய நூல் பணம் காய்ச்சி மரம், புதிய நூல் அதன் நிழலில் வளரும் செடி என்ற எண்ணத்தில்தான் கோளாறு இருக்கிறது. அதனால் தம்பிக்குச் சொன்னதை விரிவாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பழைய நூல்களை எல்லாம் ‘கிளாசிக்’ என்று ஒரே சொல்லால் அழைப்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் மூன்று வகை இருக்கின்றன. எல்லாரும் போடலாம், எல்லாரும் போட்டுக்கொண்டும் இருக்கிறார்கள் என்பது ஒன்று. எல்லாரும் போடலாம், ஆனால் யாரும் போடவில்லை என்பது இன்னொன்று. மூன்றாவது, உரிமை இன்னும் குடும்பத்திடம் இருக்கிறது, நூல் மட்டும் அச்சில் இல்லை. இந்த மூன்றுக்கும் செலவு வேறு, வேலை வேறு, வாசகரும் வேறு. ‘மறுபதிப்பா, சமகாலமா’ என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால் விடை கிடைக்காமல் போவது இதனால்தான்.

எந்த நூல் எந்த வகை என்பதைச் சட்டம்தான் சொல்லும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1992க்கு முன் இது 50 ஆண்டாக இருந்தது. இதைத் தாண்டித் தமிழகத்துக்கே உரிய இன்னொரு வழி நாட்டுடைமை: அரசு வாரிசுகளுக்கு ஒரு தொகையைக் கொடுத்து உரிமையைப் பொதுவாக்கிவிடும். 1949இல் பாரதியின் படைப்புகளை அரசு வாங்கியதில் தொடங்கிய வழக்கம் அது. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாயின. நாட்டுடைமை ஆகியிருக்காவிட்டாலும், 1954இல் மறைந்த அவர் 2015 முதல் பொதுவுக்கு வந்திருப்பார். ஆனால் 1982இல் மறைந்த தி. ஜானகிராமனை சட்டக் கணக்கில் 2042 முடியக் குடும்பத்தைக் கேட்காமல் யாரும் தொட முடியாது. இருவரும் நம் பேச்சில் கிளாசிக்தான். பதிப்பகத்தின் கணக்கேட்டில் இருவருக்கும் இடையே ஒரு மலையே நிற்கிறது.

காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்கு

தம்பியின் நோட்டிலேயே ஒரு பக்கத்தில் கணக்குப் போட்டோம். எண்கள் எல்லாம் ஒப்பிடுவதற்காக நாங்கள் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் அச்சகத்தின் விலையைப் போட்டு நீங்களே மாற்றிப் பார்க்கலாம். 240 பக்கம், அதாவது பாரத்துக்கு 16 பக்கமாக 15 பாரம் உள்ள ஒரு நூல். 500 பிரதி. அச்சும் கட்டும் பிரதிக்கு 90 ரூபாய், மொத்தம் 45,000. நூல் விலை 300. கடைக்கு 35 சதவீதக் கழிவு போக ஒரு பிரதிக்குக் கையில் வருவது 195.

சமகால நாவல் ஒன்றுக்கு மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை எல்லாம் சேர்த்து ஒரு தடவைச் செலவு 25,000 என்று வைத்தோம். எழுத்தாளருக்குப் பத்து சதவீத ராயல்டி, பிரதிக்கு 30 ரூபாய். மிஞ்சுவது 165. போட்ட முதல் திரும்ப 425 பிரதி விற்க வேண்டும்.

அடுத்து ராயல்டி இல்லாத பழைய நாவல், ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும்? பழைய பதிப்புகளைத் தேடி, ஒப்பிட்டு, புதிதாகத் தட்டச்சு செய்து, மூன்று முறை மெய்ப்புப் பார்த்தால் ஒரு தடவைச் செலவு 40,000க்குக் குறையாது. பிரதிக்கு 195 முழுதாக நமக்கு வந்தாலும் 436 பிரதி விற்றால்தான் முதல் திரும்பும்.

மூன்றாவதாக, தம்பி முதலில் சொன்ன வழி. இணையத்தில் கிடக்கும் பிரதியை எடுத்து, மேலோட்டமாகப் பார்த்து, 8,000 ரூபாயில் பக்கம் கட்டி முடிப்பது. இங்கே விலையை நாம் முடிவு செய்ய முடியாது. அதே நூலைப் பத்துப் பேர் போட்டிருக்கிறார்கள். 300 ரூபாய் என்றால் வாசகர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். 200க்கு இறங்கினால் கழிவு போகக் கையில் 130. முதல் திரும்ப 408 பிரதி.

425, 436, 408. தம்பி மூன்று எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். ராயல்டியில் மிச்சம் பிடித்த காசு ஒரு பக்கம் உழைப்பாகவும் இன்னொரு பக்கம் விலைக் குறைப்பாகவும் வெளியே போய்விட்டது.

வேறுபாடு இரண்டாம் அச்சில்தான் தெரியும். ஒரு தடவைச் செலவு முடிந்துவிட்டதால் மறுபடி 45,000 மட்டும் எடுத்தால் போதும். ஒழுங்காகச் செய்த பழைய நூல் 231 பிரதியில் எடுத்துவிடும். சமகால நாவலுக்கு 273 தேவை. மலிவாகப் போட்டதற்கு 347. உழைப்பைப் போட்ட மறுபதிப்பு பொறுமையாக இருப்பவருக்குப் பலன் தரும். உழைப்பைப் போடாத மறுபதிப்பு முதல் அச்சில் ஏறத்தாழச் சமமாக நின்று, அதற்குப் பிறகு ஒவ்வொரு அச்சிலும் பின்தங்கும். ‘ஆறில் வரும் காசு’ என்று தம்பி எழுதியிருந்த வரிக்குக் கீழே கோடு போட்டு வைத்தோம்.

எல்லாரும் போடும் நூல்

பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது, ஐந்து பாகம். 2022லும் 2023லும் திரைப்படம் வந்தபோது விற்பனை எப்படி ஏறியது என்பதைக் கடையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தோம். அந்த அலையில் சிறு பதிப்பகமும் நனையலாமே என்று தோன்றும். ஆனால் ஐந்து பாகத்தை ஒரு சேர அச்சடிக்கப் பெரிய முதல் வேண்டும், பெட்டியில் வைத்துத் தர வேண்டும், பெரிய கழிவும் கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் அச்சடிப்பவருக்குப் பிரதிக்கு ஆகும் செலவு 300 பிரதி அச்சடிப்பவருக்கு ஆவதில் பாதிகூட இருக்காது. அந்த ஆட்டத்தில் சிறு பதிப்பகம் கையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறது.

போட்டி பிற பதிப்பகங்களோடு முடிவதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், விக்கிமூலம் ஆகியவற்றில் நாட்டுடைமை நூல்கள் இலவசமாகவே இருக்கின்றன. அவை செய்திருக்கும் தொண்டு பெரியது. அந்தப் பிரதியை அப்படியே காகிதத்தில் ஏற்றி விற்கிறவர் வாசகருக்குத் தருவது காகிதத்தை மட்டும்தான்.

இதைச் சொல்வதில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அவசரமாகப் போட்ட பதிப்புகளில் பிழைகள் மலிந்திருக்கின்றன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ணை, லை, றா, னா போன்றவை பெரும்பாலும் பழைய கூட்டு வடிவங்களில்தான் அச்சாயின. அச்சுப் பக்கத்தின் படத்தைப் படித்து எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருள் அந்த வடிவங்களில் இடறும். ‘ர’வையும் துணைக்காலையும் மாற்றிப் படிக்கும். எ, ஏ குழம்பும். 1990களில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய எழுத்துருக்களில் கட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் சில காணாமலே போகும். மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்குப் போனால் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கும், ஒரு பாத்திரத்தின் பெயர் மாறியிருக்கும். முதல் முறை அந்த ஆசிரியரைப் படிக்கும் இளம் வாசகர், ‘பழைய தமிழ் இப்படித்தான் புரியாது போல’ என்று மூடிவைத்துவிடுவார். குற்றம் எழுத்தாளர் மேல் விழுகிறது. அவர் வந்து மறுக்கவும் முடியாது.

உழைப்பைக் கேட்கும் மறுபதிப்பு

இதற்கு நேர் எதிரான முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி செய்த செம்பதிப்பு 2000இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. கதைகள் காலவரிசையில் இருக்கும், முதலில் எந்த இதழில் வந்தது என்ற விவரம் இருக்கும், பதிப்புக்குப் பதிப்பு சொற்கள் மாறியிருக்கும் பாட வேறுபாடுகள் இருக்கும். அதன் பிறகு புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையாகி, யார் வேண்டுமானாலும் போடலாம் என்று ஆன பின்னும் அந்தப் பதிப்பின் இடம் குறையவில்லை. காரணம், அதில் பதிப்பாசிரியரின் உழைப்பு இருக்கிறது. கதை பொதுச் சொத்தாக இருக்கலாம். முன்னுரையும் குறிப்புகளும் பின்னிணைப்பும் அவற்றை எழுதியவருக்கே உரியவை. அவற்றுக்குத் தனியே பதிப்புரிமை உண்டு. ராயல்டி இல்லாத நூலில் பதிப்பகத்துக்கென்று ஏதாவது உரிமை பிறக்கும் என்றால் அது இந்த இடத்தில்தான்.

தமிழில் பதிப்பு என்ற சொல்லுக்கே இந்த உழைப்புதான் பொருளைக் கொடுத்தது. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது ஏடுகளை ஒப்பிட்டது ஒரு பாதி வேலை. மறுபாதி, கையொப்பக்காரர்களைச் சேர்த்து முன்பணம் திரட்டியது. முன்வெளியீட்டுத் திட்டம் என்று இன்று நாம் சொல்வதை அவர் அன்றே நடத்திக்காட்டியிருக்கிறார். நூல் வருவதற்கு முன்பே 150 பேர் பணம் கட்டிவிட்டால் சிறு பதிப்பகத்துக்கு அது வங்கிக் கடனைவிட நல்ல முதல்.

எல்லாரும் போடலாம் ஆனால் யாரும் போடவில்லை என்ற இரண்டாம் வகைக்கு இந்த உழைப்பு மிகவும் பொருந்தும். 1964 முடிவதற்குள் மறைந்த எழுத்தாளர் எவரையும் இன்று கேட்காமல் போடலாம். அவர்களில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலரைத்தான் நாம் திரும்பத் திரும்பப் போடுகிறோம். பயண நூல்கள், தன்வரலாறுகள், அறிவியல் நூல்கள், பெண்கள் இதழ்களில் எழுதிய கதைகள் எல்லாம் நூலக அலமாரிகளில் தூசி படிந்து கிடக்கின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் இருப்பதால்தான் அவற்றில் பல பிழைத்தே இருக்கின்றன. இந்த வகையில் ஆபத்து வேறு மாதிரி. பெயர் தெரியாத ஆசிரியரின் நூலை வாசகர் தேடி வரமாட்டார். ஏன் படிக்க வேண்டும் என்பதை நல்ல முன்னுரையும் தொடர்ந்த பேச்சும்தான் சொல்லியாக வேண்டும். 300 பிரதி விற்க மூன்று ஆண்டு ஆகலாம். தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அச்சடிக்கும் வசதி வந்த பிறகு இதைத் தாங்க முடிகிறது. பிரதிக்குச் செலவு கூடுதலாக ஆனாலும் கிடங்கில் பணம் முடங்காது.

சமகால நூல்

புதிய எழுத்தாளரின் நூல் முதல் மூன்று மாதத்தில் ஓடும். வெளியீட்டு விழா, நண்பர்கள், அவருடைய முகநூல் வட்டம், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. 1977இல் தொடங்கிய அந்தக் காட்சியைச் சுற்றித்தான் நம் பதிப்புலகின் ஆண்டே சுழல்கிறது. நூல் சரியாக டிசம்பரில் வந்தால் முதல் 200 பிரதி அங்கேயே போய்விடும். அதற்குப் பிறகுதான் உண்மை தெரியும். வட்டத்துக்கு வெளியே ஒருவர் படித்து இன்னொருவருக்குச் சொல்கிறாரா? சொன்னால் இரண்டாம் அச்சு வரும். சொல்லாவிட்டால் மீதிக் கட்டுகள் கிடங்கில் இருக்கும்.

பழைய நூலில் இந்த ஏற்ற இறக்கம் இல்லை, மாதத்துக்கு ஐந்து, பத்து என்று ஒரே சீராகப் போகும் என்பது உண்மை. ஆனால் சமகால நூலுக்கு ஒரு பலம் உண்டு, அதைக் கணக்கில் எழுத இடமில்லை. எழுத்தாளர் உயிரோடு இருக்கிறார். நீங்கள் கேட்டால் ஓர் அத்தியாயத்தைத் திருத்தி எழுதுவார். கல்லூரிக்கு வந்து பேசுவார். அடுத்த நூலையும் உங்களிடம் தருவார். அவருடைய மூன்றாம் நூல் கவனம் பெறும்போது முதல் இரண்டும் சேர்ந்து எழும். ஒரு நூலாகப் பார்த்தால் சூதாட்டம் போலத் தெரிவது, பத்து ஆண்டு உறவாகப் பார்த்தால் பதிப்பகத்தின் முதுகெலும்பாகிவிடுகிறது.

அந்த உறவு ஒப்பந்தத்தில் தொடங்க வேண்டும். நம்மிடையே இன்னும் வாய்ப்பேச்சு நிறைய நடக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்றால், உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வேறு விதமாக எழுதாத நிலையில், வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எத்தனை பிரதி விற்றது என்ற கணக்கை எழுத்தாளர் கேட்காமலே அனுப்புங்கள். ராயல்டி ஆயிரத்து இருநூறு ரூபாயாக இருந்தாலும் அனுப்புங்கள். அந்தத் தாள் கையில் வந்த எழுத்தாளர் வேறு பதிப்பகத்துக்குப் போவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. எழுத்தாளரிடமே பணம் வாங்கி நூல் போடுவது நான்காவது வழியாக ஊரெங்கும் நடக்கிறது. நட்டமே வராத வழி அது. ஆனால் பணம் கட்டுகிறவரின் கையெழுத்துப் பிரதியை எவரும் மறுப்பதில்லை. மறுக்காத பதிப்பகத்தின் பெயருக்கு அட்டையில் பொருள் இல்லை. அந்தப் பெயரை நம்பி வாசகர் ஒரு நூலை எடுத்துப் புரட்டுவது நின்றுபோகும். வருமானத்துக்கு வேறு வேலை செய்யுங்கள், பிறருக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுங்கள். இதை மட்டும் செய்யாதீர்கள் என்று தம்பியிடம் கைபிடித்துச் சொன்னேன்.

பொது நூலகங்களுக்கு அரசு நூல் வாங்கும் நூலக ஆணையையும் முதல் கணக்கில் சேர்க்க வேண்டாம். வந்தால் பெரிய உதவி. எந்த ஆண்டு வரும், பணம் எப்போது கைக்கு வரும் என்பது பதிப்பகத்தின் கையில் இல்லை.

உரிமை உள்ள, அச்சில் இல்லாத நூல்

என் மனம் சாய்வது மூன்றாம் வகையின் பக்கம். அதன் கணக்கைக் கேட்டால் யாரும் சாயமாட்டார்கள். குடும்பத்துக்குப் பத்து சதவீத ராயல்டி கொடுக்க வேண்டும். ஒப்பிடும் வேலை, தட்டச்சு, மெய்ப்பு எல்லாம் பழைய நூலுக்கு ஆவது போலத்தான், ஒரு 35,000 என்று வைத்தோம். முதல் திரும்ப 485 பிரதி. 500இல் மிஞ்சுவது பதினைந்து. இரண்டு சுமையும் சேர்ந்து விழும் வகை இது.

ஆனாலும் ஏன் இது? ஒப்பந்தக் காலம் முடியும்வரை அந்த நூலை வேறு எவரும் போட முடியாது. அதனால் நம் விலை நிற்கும், நம் பதிப்பு நிற்கும், உழைப்பு நம் பெயரில் சேரும். அதோடு 1950 முதல் 1990 வரையிலான தமிழ் உரைநடைதான் இன்றைய எழுத்தாளர்களுக்கு நேர் முந்தைய தலைமுறை. இன்று எழுதுகிறவர்கள் பேட்டிகளில் ஆசானாகச் சொல்லும் பெயர்களில் பாதிப் பேரின் நூல்கள் கடையில் கிடைப்பதில்லை. வாசகர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நூல் இல்லை. எழுத்தாளர் பெயரைச் சொல்லி ஆர்வத்தை உண்டாக்கும் வேலையை வேறு யாரோ செய்து முடித்திருக்கிறார்கள்.

இப்படி மீண்ட நூல்களுக்குச் சான்று உண்டு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ எழுதிப் பல ஆண்டு பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்து 1972இல் வந்தது. வந்தபோதும் பெரிய கவனம் இல்லை. பின்னாளில் தமிழினி மறுபதிப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் அது ஒரு தலைமுறையின் கையில் பரவியது. சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ 1959இல் வந்த சிறு நாவல். பல பதிப்பு கண்டு இன்றும் விற்கிறது. செல்லப்பா தன் நூல்களைப் பையில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர். 1998இல் மறைந்தார் என்பதால் சட்டக் கணக்கில் 2058 முடிய உரிமை இருக்கிறது. அவர் தோளில் சுமந்த எழுத்துக்கு அவர் குடும்பத்துக்கு ஒரு காசாவது போகிறது என்பதை நான் நட்டமாகப் பார்க்கவில்லை.

இதில் கடினம் வாரிசுகளைக் கண்டுபிடிப்பது. நான் உடன் இருந்த ஒரு முயற்சியில் பதினான்கு மாதம் ஆனது. பழைய நூலின் உள்பக்கத்தில் இருந்த முகவரியில் வேறு வீடு எழுந்திருந்தது. எழுத்தாளர் வேலை பார்த்த அலுவலகத்தின் ஓய்வூதியர் ஒருவர் மூலம் மகளைப் பிடித்தோம். மகளின் கையெழுத்து மட்டும் போதாது, மற்ற இரண்டு பிள்ளைகளும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில். ஒருவருக்கும் மற்றவருக்கும் பேச்சு இல்லை. எல்லாம் முடிந்து கையெழுத்தான அன்று மகள் அலமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துக் கொடுத்தார். முதல் பதிப்பு. பக்க ஓரங்களில் எழுத்தாளரே பென்சிலால் திருத்தியிருந்தார். கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தியை முழுதாக அடித்திருந்தார். அந்தத் திருத்தங்களோடு நூல் அதுவரை வந்ததே இல்லை. நாற்பது ஆண்டாக அந்த வீட்டுக்குப் பதிப்பாளர் ஒருவரும் வரவில்லை என்று அந்த அம்மா சொன்னதை இப்போது எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது.

வாரிசு கிடைக்கவே இல்லை என்றால் சட்டத்தில் கட்டாய உரிமம் கேட்கும் வழி ஒன்று உண்டு. நீண்ட நடைமுறை அது. முதல் ஆண்டில் இருக்கும் பதிப்பகம் அதற்குள் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். ‘யாரும் கேட்கமாட்டார்கள்’ என்று துணிந்து போட்டுவிடுவதோ தவறு. கேட்க ஆள் இருக்கிறார், நாம்தான் போய்ப் பார்க்கவில்லை.

எத்தனைக்கு எத்தனை

பதிப்பகம் நடத்துகிறவர்கள் விகிதத்தை எண்ணிக்கையில் போடுகிறார்கள், நாலுக்கு நாலு, ஆறுக்கு இரண்டு என்று. உழைப்பு மணிநேரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒழுங்கான ஒரு மறுபதிப்பு இரண்டு சமகால நூலின் நேரத்தைத் தின்னும். ஆள் ஒருவரும் உதவிக்கு ஒருவரும் என்று இருக்கும் இடத்தில் ஆண்டுக்கு இரண்டுக்கு மேல் மறுபதிப்பு என்றால் ஏதோ ஒன்று மெய்ப்பு முடியாமலே அச்சுக்குப் போகும்.

எண்ணிக்கையைவிட முக்கியம் நூல்களுக்குள் இருக்கும் உறவு. கரிசல் காட்டைப் பற்றி எழுதும் ஓர் இளைஞரின் முதல் நாவலை நீங்கள் போடுகிறீர்கள் என்றால், அதே மண்ணில் அறுபது ஆண்டுக்கு முன் எழுதியவரின் மறந்துபோன தொகுதியை மறுபதிப்பாகக் கொண்டுவாருங்கள். முன்னுரையை அந்த இளைஞரே எழுதட்டும். ஒரே மேசையில் இரண்டும் இருக்கும். இளையவரைத் தேடி வருகிறவர் முதியவரை எடுத்துப் பார்ப்பார், முதியவரைத் தேடி வரும் பேராசிரியர் இளையவரைப் பாடத்துக்கு யோசிப்பார். தொடர்பில்லாமல் எட்டு நூல் போட்டால் ஒவ்வொன்றுக்கும் வாசகரை முதலிலிருந்து தேட வேண்டும். உறவுள்ள ஆறு நூல் ஒன்றையொன்று கைபிடித்து அழைத்துப் போகும். ஒரு பதிப்பகத்தின் பட்டியலைப் பார்த்ததும் ‘இவர்கள் இப்படிப்பட்ட நூல் போடுவார்கள்’ என்று தோன்ற வேண்டும். அது இல்லாதபோது கலவை வெறும் கதம்பமாகிவிடும்.

ஆளைப் பொறுத்தும் இது மாறும். பழைய இதழ்களைப் புரட்டுவதில் ஊறியவர், ஆய்வு நூலகங்களில் உட்காரப் பொறுமை உள்ளவர், நான்கு மறுபதிப்புக்கு இரண்டு புதியவை என்று போகலாம். அவர் கண்டெடுப்பதை வேறு யாரும் கண்டெடுக்கமாட்டார்கள். சிற்றிதழ் நடத்துகிறவர், இளம் எழுத்தாளர்கள் வந்து போகும் வீடு உள்ளவர், முழுக்கச் சமகாலமாகவே இறங்கலாம். ஆனால் அவர் இரண்டு ஆண்டுக்கான செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். மறுபதிப்பின் சீரான வரவு அவருக்கு இருக்காது.

தம்பி இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவன். அவனுக்கு நான் சொன்னது: எட்டு வேண்டாம், ஆறு. நான்கு சமகாலம். ஒன்று உரிமை உள்ள, அச்சில் இல்லாத நூல், வாரிசுகளை இன்றே தேடத் தொடங்கினால் அடுத்த ஆண்டுக் காட்சிக்குக் கிடைக்கலாம். ஒன்று யாரும் போடாத பொது நூல், நூறு நூறு பிரதியாக. நாட்டுடைமை நூல்களில் எல்லாரும் போடுவதை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். ஒன்றுக்காவது புதிதாகச் செய்ய ஏதோ இருக்கிறது என்று என்றைக்குத் தோன்றுகிறதோ அன்றைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

“யாரும் போடாத நூல்னா எங்கண்ணே தேடுறது? பேரே தெரியாதே” என்றான். பழைய நூல்களின் கடைசிப் பக்கங்களைப் பார்க்கச் சொன்னேன். ஐம்பது, அறுபதுகளின் நூல்களில் ‘எமது பிற வெளியீடுகள்’ என்று ஒரு பட்டியல் இருக்கும், விலையோடு. ஒரு காலத்தில் யாரோ படித்து, தேர்ந்து, பணம் போட்டு அச்சடித்த நூல்களின் பெயர்கள் அவை. அடுத்த வாரம் தம்பி நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தான். அதே நோட்டில் பதினொரு பெயர்கள் எழுதியிருந்தான். அதில் ஏழு நான் கேள்விப்பட்டதே இல்லை.